எர்ணாவூரிலிருந்து குரோம்பேட்டைக்கு ஒரு நாள்

பிரயாணக் கட்டுரை என்றால் காஷ்மீர், காசி, கன்னியாகுமரி என்று எழுதுவார்கள். நான் எழுதப்போவது எர்ணாவூரிலிருந்து குரோம்பேட்டைக்குப் போய்விட்டு, அன்று சாயங்காலமே திரும்பி வந்த கதை. சிரிக்காதீர்கள் சகோதரிகளே! அந்த ஒரு நாளில் என் கை வளையல் இரண்டும் பிழைத்தன. என் பெண்ணின் படிப்பும் ஒரு வழிக்கு வந்தது.

எங்கள் எர்ணாவூரைப் பலருக்குத் தெரியாது. திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில், ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் ரயில் தண்டவாளமுமாக இருக்கும் ஊர். கடல் ஊருக்குள் வராமல் கரையோரம் பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ரோட்டில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். காலையில் துடைத்த ஜன்னலை மத்தியானம் தொட்டால் விரலில் கரி ஒட்டும். ஆனாலும் எங்கள் பக்கத்துக் கைகள் சும்மா இருந்ததில்லை. எண்ணூரில் லேலண்ட் லாரி, திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள், விம்கோவின் தீப்பெட்டி எல்லாம் இந்தப் பக்கத்தில் உருவானவைதானே! என் கணவரும் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன்.

மூத்தவள் பிளஸ் டூ முடித்தாள். சின்ன வயதில் நான் ரவிக்கைக்கு வெட்டி வைக்கும் பேப்பர் அளவுகளையெல்லாம் எடுத்து விமானம் மடித்து மாடியிலிருந்து விடுவாள். எத்தனை தரம் அடித்திருப்பேன்! 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில், எண்ணெய் கலந்த வெள்ளம் எங்கள் பகுதியில் புகுந்ததே, அப்போது அவள் பிளஸ் ஒன். வீட்டில் முழங்கால் வரை தண்ணீர். மற்றவர்கள் டி.வி.யைத் தூக்கி வைத்தபோது, இவள் பரணில் ஏற்றியது பிசிக்ஸ் புத்தகத்தையும் ஒரு நோட்டையும். நோட்டு முழுக்க இறக்கைப் படம். அப்போதுதான் இது விளையாட்டு ஆசை இல்லை என்று எனக்கு உறைத்தது.

ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். "அம்மா, எனக்கு விமானம் டிசைன் பண்ற படிப்புதான் வேணும்" என்று நின்றாள்.

"பொம்பளப் பிள்ளைக்கு ஏரோபிளேன் படிப்பா? பேசாம கம்ப்யூட்டர் போடு" என்றார் என் நாத்தனார். என் கணவர் கம்ப்யூட்டர் என்று சொல்லவில்லை. "மெக்கானிக்கல் படிக்கட்டும். எந்தக் கேட்டுக்குள்ளயும் நுழையலாம்" என்றார். இருபத்து நான்கு வருஷம் மெஷின் பக்கத்தில் நின்றவர் பேச்சு. அதைத் தள்ளவும் முடியவில்லை.

இதற்கு நடுவில் ஒரு ஏஜென்ட் வீடு தேடி வந்தார். ஒரு காலேஜின் பெயரைச் சொல்லி, "ஏரோநாட்டிக்கல் சீட் ரெண்டுதான் பாக்கி. இருபத்தஞ்சாயிரம் அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றார். வழவழவென்று ஒரு புத்தகத்தையும் நீட்டினார். அட்டையில் பெரிய விமானம், கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும் பெண். நானும் மயங்கிவிட்டேன். வளையலை அடகு வைத்துவிடலாம் என்று டப்பாவைத் திறந்தும் விட்டேன்.

எங்கள் தெருவிலேயே ஒரு பையன் கதை ஞாபகம் வந்ததால் கை நின்றது. அவனும் விமானம் வடிவமைக்கப் போகிறேன் என்றுதான் ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தான். உள்ளே போன பிறகுதான் அது விமானத்தைப் பழுது பார்க்கும் படிப்பு என்று புரிந்தது. பழுது பார்ப்பது மட்டமான வேலை என்று சொல்லவில்லை. சிவில் விமானத் துறையின் பரீட்சைகளைத் தாண்டி லைசென்ஸ் வாங்கியவர் கையெழுத்துப் போட்டால்தான் விமானமே கிளம்புமாம். ஆனால் அந்தப் பையனுக்கு லைசென்ஸ் பரீட்சை என்று ஒன்று தனியாக இருப்பதையே யாரும் சொல்லவில்லை. இப்போது அவன் மொபைல் கடையில் இருக்கிறான்.

"நாமே போய்ப் பார்த்துட்டு வந்துடலாம். குரோம்பேட்டை எம்.ஐ.டி.யிலதானே அப்துல் கலாம் படிச்சார்?" என்றேன். எனக்குத் தெரிந்த ஒரே விமானப் படிப்பு அதுதான்.

காலையில் புளிசாதமும் வறுவலும் கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் விம்கோ நகர் வந்தோம். மெட்ரோ ரயில் வந்த பிறகு எங்களுக்கு ஒரு வசதி. விம்கோ நகரில் ஏறி உட்கார்ந்தால் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குள் கொண்டு விடுகிறது. தீப்பெட்டிப் பெயர் வைத்த ஸ்டேஷனில் ஏறி விமானத்துக்குப் பக்கத்தில் இறங்குவது என்றால் எங்கள் மாமியார் காலத்தில் யார் நம்பியிருப்பார்கள்!

திருவொற்றியூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரயில் பூமிக்குள் போய்விடுகிறது. சைதாப்பேட்டைக்குப் பிறகு சின்னமலையில்தான் வெளிச்சத்தைப் பார்க்கிறோம். அடுத்தது கிண்டி. "இங்கேதாம்மா இன்ஜினீயரிங் காலேஜ் இருக்கு. லலிதான்னு ஒருத்தங்க படிச்சாங்க" என்றாள் மகள். அவள் நூலகத்தில் படித்ததைச் சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்தது. ஏ. லலிதாவுக்குப் பதினைந்து வயதில் கல்யாணம். பதினெட்டு வயதில் கையில் நாலு மாதக் குழந்தை, கணவர் இல்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவருடைய அப்பா கிண்டி கல்லூரியிலேயே ஆசிரியர். மகளை அங்கேயே சேர்த்துவிட்டார். 1943-ல் லலிதா எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயராக வெளியே வந்தார். சான்றிதழில் அச்சடித்திருந்த ஆண்பால் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பால் எழுதிக் கொடுத்தார்களாம்! பிறகு பாக்ரா நங்கல் அணையின் மின்சார வேலையில் கூட அவர் பங்கு உண்டு. குழந்தையை அக்கா வீட்டில் விட்டுவிட்டுப் பரீட்சைக்குப் போகிற இளம் தாய்மார்கள் யாராவது இதைப் படித்தால், கிண்டி வழியாகப் போகும்போது ஒரு தரம் அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள்.

மீனம்பாக்கம் நெருங்கும்போது ஜன்னல் வழியாக விமானங்கள் தெரிந்தன. ஒன்று இறங்கியது. எனக்கு அது விமானம். மகளுக்கோ, "இறக்கைக்குப் பின்னால மடல் மாதிரி இறங்குது பாரும்மா, மெதுவா வந்தாலும் விழாம இருக்க அதுதான்" என்று பாடம். பக்கத்தில் இருந்த ஒரு பெரியவர் எங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஏர்போர்ட்டில் இறங்கி, எதிர்ப்பக்கம் இருக்கும் திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, பல்லாவரம் அடுத்து குரோம்பேட்டை. இந்தப் பெயரும் எங்கள் விம்கோ நகர் மாதிரிதான். குரோம் லெதர் என்ற தோல் தொழிற்சாலையால் வந்த பெயர். ஸ்டேஷனிலிருந்து நடந்தே காலேஜுக்குப் போனோம்.

வாசலில் காவலாளி, "இன்னாம்மா, யாரைப் பாக்கணும்?" என்றார். யாரையும் தெரியாது என்பதைச் சொல்லவே வெட்கமாக இருந்தது. "கலாம் படிச்ச இடத்தைப் பொண்ணு பாக்கணும்னுச்சு" என்றேன். பெயர் எழுதி வாங்கிக்கொண்டு விட்டார். நல்ல மனுஷர்.

மரங்கள் நிறைய இருக்கின்றன. ஒரு மரத்தடியில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம். இந்தக் கல்லூரியை 1949-ல் சி. ராஜம் என்ற தொழிலதிபர், தம் பெரிய வீட்டை விற்ற பணத்தைப் போட்டு ஆரம்பித்தார். அப்போதே விமானம், மோட்டார் வாகனம், எலெக்ட்ரானிக்ஸ், கருவியியல் என்று வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காத பிரிவுகளை வைத்தார். 1978-லிருந்து இது அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதி.

கலாமும் நேராக இங்கே வந்துவிடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் முடித்தார். கடைசி வருஷத்தில்தான் நமக்கு வேண்டியது இன்ஜினீயரிங் அல்லவா என்று அவருக்குத் தோன்றியதாம். 1954-ல் இங்கே இடம் கிடைத்தது. சேர ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். ராமேசுவரத்தில் அப்பாவிடம் அது இல்லை. அக்கா ஜொஹரா தன் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். தன் சம்பாத்தியத்தில் அந்த வளையலை மீட்பேன் என்று தம்பி உறுதி எடுத்துக்கொண்டாராம். இதைக் கேட்டதும் என் கை தானாக வளையலைத் தொட்டது. ஜொஹரா அடகு வைத்ததும் வளையல், நான் வைக்க இருந்ததும் வளையல். அவர் கொடுத்தது படிப்புக்கு. நான் கொடுக்க இருந்தது ஒரு ஏஜென்டுக்கு!

காலேஜில் அந்தக் காலத்தில் இரண்டு பழைய விமானங்களைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். மற்றப் பையன்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் கலாம் அவற்றின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாராம். முதல் வருஷம் முடிந்ததும் விமானப் பிரிவைக் கேட்டு வாங்கினார். கடைசியில் நாலு நண்பர்களோடு சேர்ந்து தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் வேலை. வேலை மந்தமாக இருக்கிறது என்று பேராசிரியர் ஸ்ரீனிவாசன் மூன்றே நாள் கெடு வைத்து, தவறினால் உதவித்தொகையை நிறுத்திவிடுவேன் என்றார். அன்று ராத்திரி சாப்பாடு கூட இல்லாமல் வரைபலகையில் குனிந்து, சொன்ன நாளில் முடித்தார். விமானம் ஓட்டவும் ஆசைப்பட்டு டேராடூன் போனார். எட்டுப் பேரை எடுத்தார்கள், இவர் ஒன்பதாவது. கடைசியில் அவர் பெயர் வாங்கியதோ ராக்கெட்டில். அப்படியானால் படித்த படிப்பு வீணா? அங்கே கற்ற கணக்குதானே ராக்கெட்டுக்கும் உதவியது!

நாங்கள் சாப்பிடுவதைப் பார்த்து ஒரு மாணவி தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். கேட்டால், அதே ஏரோநாட்டிக்கல் பிரிவில் கடைசி வருஷம். விடுவேனா? பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

"ஆன்ட்டி, விமானம்னா நாலு பாடம்னு வச்சுக்குங்க. காத்து எப்படி ஓடுது, உடம்பு எப்படித் தாங்குது, இன்ஜின் எப்படித் தள்ளுது, ஆடாம எப்படி நேரா போகுது" என்று விரல் விட்டாள். "கஷ்டம் என்னன்னா, இறக்கை பலமா இருக்கட்டும்னு கனமாக்கினா எடை கூடும். எடை கூடினா தூக்கறதுக்குப் பெரிய இறக்கை வேணும். அதுக்குப் பெரிய இன்ஜின், கூடுதல் பெட்ரோல். அதுக்கும் எடை! சுத்திச் சுத்தி வரும்."

"அட, ரவிக்கை மாதிரி" என்றேன். இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் உண்மைதானே? அக்குளில் அரை அங்குலம் பிடித்தால் முதுகில் இழுக்கும். முதுகை விட்டால் தோள் இறங்கும். கிழிந்ததைத் தைக்கிறவள் வேறு, அளவெடுத்து வெட்டுகிறவள் வேறு. போட்டுக்கொள்கிறவள் இன்னொருத்தி. விமானத்திலும் ஓட்டுகிறவர், பழுது பார்க்கிறவர், வடிவமைக்கிறவர் மூவரும் வேறு வேறு என்பது அந்த மரத்தடியில்தான் எனக்குத் தெளிவாயிற்று. வெட்டத் தெரிவதற்குக் கணக்கு வேண்டும். கணக்கும் பிசிக்ஸும் பிடிக்காத பிள்ளையை அட்டைப் படத்தைப் பார்த்து இந்தப் படிப்பில் தள்ளினால் பாவம்.

அந்தப் பெண் எதையும் மறைக்கவில்லை. "எங்க சீனியர்ஸ் எல்லாருக்கும் விமான வேலை கிடைக்கலை. நிறைய பேர் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போயிட்டாங்க. டிசைன் வேலைன்னா பெரும்பாலும் பெங்களூர்தான்" என்றாள். எச்.ஏ.எல்., தேஜாஸ் விமானத்தை உருவாக்கிய ஏ.டி.ஏ., தேசிய விண்வெளி ஆய்வுக்கூடம் எல்லாம் அங்கேதான். ஏர்பஸ், போயிங் கம்பெனிகளின் இன்ஜினீயரிங் மையங்களும் அங்கே இருக்கின்றன. வடிவமைப்புக்குப் போக மேல்படிப்பு படித்தால் நல்லது என்றாள். அதற்கு கேட் என்ற பரீட்சை. மெக்கானிக்கல் படித்தவர்களும் அதை எழுதி ஐ.ஐ.டி.யிலோ பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலோ விமானப் பொறியியலில் எம்.டெக். சேர்கிறார்களாம். இஸ்ரோ தன் இன்ஜினீயர் தேர்வைப் பெரும்பாலும் மெக்கானிக்கல், எலெக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் படித்தவர்களுக்குத்தான் வைக்கிறது.

"அப்போ அப்பா சொன்னது சரியா?" என்றாள் என் மகள் முகம் வாடி.

"அப்பாவும் சரி, நீயும் சரி" என்றாள் அந்தப் பெண். 2001 ஜனவரி 4-ல் முதல் தடவை பறந்த தேஜாஸையே உதாரணம் காட்டினாள். அதன் எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் உலோகமே இல்லை, கார்பன் இழைக் கலவை. அதை ஓட்டும் கட்டளைகள் கம்ப்யூட்டர் வழியாக மின்சாரக் கம்பியில் போகின்றன. அதற்கு ஒரு கியர்பெட்டி செய்தது நம் ஆவடியில் டாங்கி வடிவமைக்கும் ஆய்வுக்கூடம். ஆக, ஒரு விமானத்துக்குள் எத்தனை பட்டங்கள் உட்கார்ந்திருக்கின்றன பாருங்கள்!

வெளிநாட்டிலும் அப்படித்தானாம். கனடாவின் எல்சி மெக்கில் முதலில் படித்தது எலெக்ட்ரிக்கல். அப்புறம்தான் 1929-ல் அமெரிக்காவில் விமானப் பொறியியலில் மேல்பட்டம் வாங்கினார். இளம்பிள்ளை வாதம் வந்து கோல் ஊன்றி நடந்தவர், யுத்த காலத்தில் ஹரிகேன் போர் விமானங்களைத் தயாரிக்கும் வேலைக்குத் தலைமை தாங்கினார். இங்கிலாந்தின் பீட்ரிஸ் ஷில்லிங்கும் முதலில் எலெக்ட்ரிக்கல்தான். போர் விமானம் திடீரென்று மூக்கைத் தாழ்த்தினால் பெட்ரோல் ஏறுமாறாகி இன்ஜின் விக்கும். நடுவில் துளை போட்ட ஒரு சின்ன உலோகத் தட்டை வைத்து அதை 1941-ல் அடக்கினார். குழாய்க்கு வாஷர் போடுகிற மாதிரி! எவ்வளவு பேர் உயிரை அது காப்பாற்றியிருக்கும்.

கிளம்பும்போது அந்தப் பெண் கேட்டாள், "தங்கச்சி எந்த ஸ்கூல்?" அரசுப் பள்ளி, ஆறாவதிலிருந்தே என்றோம். "அப்புறம் ஏன் ஆன்ட்டி ஏஜென்ட்கிட்ட எல்லாம் போறீங்க?" என்று திகைத்துவிட்டாள்.

சகோதரிகளே, இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இன்ஜினீயரிங்கில் 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு 2021-ல் வந்தது. கவுன்சலிங் மூலம் அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்லூரிக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் இரண்டையும் அரசாங்கமே கட்டுகிறது. தவிர, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். கணக்கு நூறுக்கு, பிசிக்ஸும் கெமிஸ்ட்ரியும் ஐம்பது ஐம்பதுக்கு, ஆக 200-க்குக் கட்-ஆஃப். நுழைவுத் தேர்வு கிடையாது. ஏஜென்ட் மூலம் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்திருந்தால் அந்த ஒதுக்கீட்டுக் கட்டணச் சலுகை போச்சு! அந்த மனிதர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தரம் காப்பி குடித்தார். அவள் எந்தப் பள்ளி என்று கேட்கவே இல்லை.

திரும்பும்போது மகள் பேசவில்லை. கிண்டி தாண்டிய பிறகு நோட்டை எடுத்து வரிசை எழுத ஆரம்பித்தாள். அடித்தாள், எழுதினாள். விம்கோ நகரில் இறங்கும்போது மணி ஆறு. கன்டெய்னர் லாரிகள் அப்படியே நின்றன.

ராத்திரி அவர் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் நோட்டை அவர் முன்னால் வைத்தாள். முதலில் எம்.ஐ.டி. ஏரோநாட்டிக்கல். இரண்டாவது கிண்டி மெக்கானிக்கல். அப்புறம் வரிசையாக அரசுக் கல்லூரிகளில் மெக்கானிக்கல். தனியார் கல்லூரி ஏரோநாட்டிக்கல் ஒன்றுகூட இல்லை.

"ஏன் பாப்பா, ஏரோநாட்டிக்கல்தானே உன் உசிரு? அது கிடைக்கிற மத்த காலேஜையும் போட வேண்டியதுதானே?" என்றார் அவர்.

"நல்ல ஆய்வுக்கூடம் இல்லாத ஏரோநாட்டிக்கலை விட நல்ல மெக்கானிக்கல் பரவால்லப்பா. மேல்படிப்புல திருப்பிக்கலாம்" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தோசை போடு என்றார் என்னிடம். அவருக்குச் சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

மறுநாள் ஏஜென்ட் போன் செய்தார். ஒரு சீட்தான் பாக்கி என்றார். "அதையும் யாருக்காவது கொடுத்துடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன். கவுன்சலிங் முடிவு இந்த வாரம் வர வேண்டும். மகள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் போனைப் பார்க்கிறாள். எனக்கும் கை ஓடவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாண ரவிக்கை வெட்டாமல் மெஷின் மேலேயே கிடக்கிறது.